கென்யா சஃபாரி: பார்க்கவேண்டிய 7 தேசியப் பூங்காக்கள்... வேலிக்கு வெளியே நடக்கும் மீதிக் கதை!

‘கென்யா’ என்று கூகுளில் தட்டினால் தவறாமல் வரும் படம் ஒன்று உண்டு. பரந்த புல்வெளி, வரிசையாக நடக்கும் யானைக் கூட்டம், பின்னால் பனித்தொப்பி போட்ட கிளிமஞ்சாரோ. எடுத்த இடம் கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்கா. ஆனால், படத்தில் இருக்கும் மலை கென்யாவிலேயே இல்லை. எல்லை தாண்டி தான்சானியாவில் நிற்கிறது. அந்த யானைகளும் வருடம் முழுக்க பூங்காவுக்குள் இருப்பதில்லை. மழை பெய்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் மசாய் மக்களின் மேய்ச்சல் நிலங்களுக்குக் கிளம்பிவிடும்.

அம்போசெலிக்கு மட்டுமல்ல, கிட்டத்தட்ட கென்யாவின் எல்லாப் பூங்காக்களுக்கும் இதுதான் கதை. அந்நாட்டுக் காட்டுயிர்களில் சுமார் 65 சதவிகிதம் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியேதான் வாழ்கின்றன என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. அதாவது, டிக்கெட் வாங்கி உள்ளே போய் நாம் பார்ப்பது பாதிப் படம்தான். மீதிப் பாதி, யாரோ ஒருவரின் வயலிலும் மேய்ச்சல் நிலத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கென்யாவில் எங்கே போகலாம், என்ன பார்க்கலாம், அந்த அழகு எதை நம்பி இருக்கிறது... ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

கென்யாவில் ‘தேசியப் பூங்கா’ என்றால், மத்திய அரசின் கென்ய வனவிலங்கு சேவை அமைப்பு நிர்வகிக்கும் இடம். உள்ளே யாரும் குடியிருக்கவோ மாடு மேய்க்கவோ முடியாது. ‘தேசியக் காப்பகம்’ என்றால், பொதுவாக அந்தந்த கவுன்ட்டி அரசின் பொறுப்பு. மூன்றாவது வகை ‘கன்சர்வன்சி’. தனியாரோ, உள்ளூர்ச் சமூகமோ தங்கள் சொந்த நிலத்தை விலங்குகளுக்காகத் திறந்து வைத்திருக்கும் இடம் அது.

உலகப் புகழ்பெற்ற மசாய் மாரா தேசியப் பூங்கா இல்லை. நரோக் கவுன்ட்டியின் தேசியக் காப்பகம். அதனால்தான் அதன் கட்டணமும் விதிகளும் தனி. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

1. நைரோபி: பின்னணியில் அடுக்குமாடிகள், முன்னால் சிங்கம்

தலைநகருக்குள்ளேயே ஒரு தேசியப் பூங்கா. 1946-ல் தொடங்கப்பட்ட இதுதான் கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு 117 சதுர கி.மீ. நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். விமானம் ஏற ஆறேழு மணி நேரம் இருக்கிறதென்றால் அதற்குள் ஒரு சுற்று போய்விட்டு வந்துவிடலாம். ஒட்டகச்சிவிங்கியின் தலைக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும் அந்த ஃபிரேம் வேறு எங்கும் கிடைக்காது. காண்டாமிருகம் பார்க்க நல்ல இடம். யானை மட்டும் இங்கே கிடையாது.

யானைத் தந்தக் கடத்தலுக்கு எதிரான வரலாற்றிலும் இந்தப் பூங்காவுக்கு இடம் உண்டு. 1989-ல் அப்போதைய அதிபர் டேனியல் அரப் மோய், பறிமுதல் செய்யப்பட்ட 12 டன் தந்தங்களுக்கு இங்கேதான் தீ வைத்தார். 2016 ஏப்ரல் 30-ல் அதிபர் உஹுரு கென்யாட்டா 105 டன் தந்தங்களை இதே பூங்காவில் எரித்தார். ‘தந்தத்துக்கு மதிப்பு யானையின் மேல் இருக்கும்போதுதான்’ என்பது கென்யா சொல்ல நினைத்த செய்தி.

சரி, வேலிக்கு வெளியே? மூன்று பக்கமும் வேலி போட்ட இந்தப் பூங்காவின் தெற்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. மழைக்காலத்தில் விலங்குகள் அந்த வழியாகத்தான் அதி-கபுடெய் சமவெளிக்குப் போய்வரும். அந்தச் சமவெளியில் இப்போது வீடுகள், தொழிற்சாலைகள், கம்பி வேலிகள். 2016 மார்ச்சில் ‘மோஹாக்’ என்று செல்லப்பெயர் வைக்கப்பட்டிருந்த சிங்கம் பூங்காவைத் தாண்டி இசின்யா பகுதிக்குப் போனது. கூட்டம் கூடியது, ஒருவர் காயமடைந்தார், கடைசியில் சிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதே எல்லையோரத்தில் வளர்ந்த ரிச்சர்டு துரேரே என்ற மசாய் சிறுவன், ராத்திரியில் மாட்டுப்பட்டிக்கு வரும் சிங்கத்தை விரட்ட ஒரு வழி கண்டுபிடித்தான். பழைய பேட்டரி, சோலார் தகடு, வண்டி இண்டிகேட்டர் ஆகியவற்றை வைத்து விட்டுவிட்டு எரியும் விளக்குகளைச் செய்தான். யாரோ டார்ச்சோடு நடமாடுவதாக நினைத்து சிங்கம் ஒதுங்கிவிடும். 2013-ல் டெட் மேடையில் ஏறி அவன் இதைச் சொன்னபோது வயது 13-தான். சிங்கத்தைக் கொல்லாமல் மாட்டைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அந்த விளக்குகள் ஓர் உதாரணம்.

2. அம்போசெலி: யானைகளின் தாய்வீடு

392 சதுர கி.மீ. கொண்ட அம்போசெலி, 1974-ல் தேசியப் பூங்காவானது. 1972 முதல் சிந்தியா மாஸ் தொடங்கிய யானை ஆய்வு இங்கே இன்றும் தொடர்கிறது. உலகில் மிக நீண்ட காலமாக நடக்கும் யானை ஆய்வு இதுதான். ஒவ்வொரு யானைக்கும் பெயர், குடும்பம், வம்ச வரலாறு உண்டு. தரையைத் தொடும் அளவுக்கு நீண்ட தந்தங்களோடு ஆண் யானைகளைப் பார்க்க முடிகிற வெகுசில இடங்களில் இதுவும் ஒன்று.

டிப்ஸ்: கிளிமஞ்சாரோ (5,895 மீட்டர்) தெளிவாகத் தெரிய வேண்டுமானால் விடியற்காலையில் கிளம்புங்கள். வெயில் ஏற ஏற மலையை மேகம் மூடிவிடும். சாயங்காலம் மறுபடி ஒரு வாய்ப்பு கிடைக்கலாம்.

வறண்ட புழுதிக்காட்டுக்கு நடுவே இங்கே பச்சைப்பசேலென்று சதுப்பு நிலங்கள் இருப்பது எப்படி? கிளிமஞ்சாரோ சரிவில் பெய்யும் மழை, பூமிக்கடியில் ஓடிவந்து இங்கே ஊற்றாக எழுகிறது. அதாவது, பூங்காவின் தண்ணீர்கூட பக்கத்து நாட்டிலிருந்துதான் வருகிறது.

நிலமோ, சுற்றியிருக்கும் மசாய் சமூகங்களுடையது. கூட்டாக இருந்த மேய்ச்சல் நிலங்கள் இப்போது தனித்தனி மனைகளாகப் பிரிக்கப்படுகின்றன. கையில் தன் பெயரில் பத்திரம் வந்துவிட்டால், விற்பதா, வேலி போடுவதா, விவசாயம் செய்வதா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. யானைகள் கடக்கும் பகுதியில் வந்த ஒரு அவகாடோ பண்ணையின் சுற்றுச்சூழல் அனுமதி 2020-ல் ரத்தானது. அதற்கு உள்ளூரிலேயே ஆதரவும் இருந்தது, எதிர்ப்பும் இருந்தது. ‘எங்களுக்கு வேலை வேண்டாமா?’ என்று கேட்டவர்களின் கேள்வியும் நியாயமானதுதான்.

3, 4. சாவோ கிழக்கு, சாவோ மேற்கு: சிவப்பு யானைகளின் தேசம்

இரண்டும் தனித்தனிப் பூங்காக்கள். நடுவே நைரோபி-மொம்பாசா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும். 1948-ல் தொடங்கப்பட்ட இவை இரண்டையும் சேர்த்தால் 22,000 சதுர கி.மீ.க்கு மேல். கென்யாவின் மிகப்பெரிய பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பு இது.

கிழக்குப் பக்கம் பரந்த செம்மண் வெளி. அந்த மண்ணில் புரண்டு புழுதியை அள்ளிப் பூசிக்கொள்வதால் யானைகளே சிவப்பாகத் தெரியும். மேற்குப் பக்கம் மலை, எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறைகள், நீரூற்றுகள். அங்கிருக்கும் ம்ஸிமா ஊற்றை மிஸ் பண்ணாதீங்க. கண்ணாடிபோலத் தெளிந்த நீருக்குள் இறங்கி, அறை ஒன்றிலிருந்து மீன்களையும், அதிர்ஷ்டம் இருந்தால் நீர்யானையையும் பார்க்கலாம். சியூலு மலைகளில் விழும் மழைதான் இந்த ஊற்றுக்கு ஆதாரம். மொம்பாசா நகரத்துக்கும் இங்கிருந்து குடிநீர் போகிறது.

சாவோவுக்கும் இந்தியாவுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ரொம்பவே சோகமான தொடர்பு. 1896 முதல் 1901 வரை ஆங்கிலேயர்கள் போட்ட உகாண்டா ரயில் பாதைக்காக இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே இறந்துபோனார்கள். 1898-ல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது, இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் தொழிலாளர்களின் கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துச் சென்றன. அவற்றைச் சுட்ட ஜான் ஹென்றி பேட்டர்சன் பிற்பாடு சொன்ன கணக்கு 135 பேர். சிங்கங்களின் எலும்பையும் முடியையும் ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2009-ல் சொன்ன மதிப்பீடு சுமார் 35. இன்றும் அந்த இரு சிங்கங்கள் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. வேட்டைக்காரரின் பெயர் உலகத்துக்கே தெரியும். செத்துப்போனவர்களில் பெரும்பாலானோரின் பெயர் யாருக்கும் தெரியாது.

2017-ல் அதே தடத்தையொட்டி புதிய ரயில் பாதை வந்தது. மொம்பாசா-நைரோபி ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்தால், சாவோ யானைகளை ரயிலிலிருந்தே பார்க்கலாம். விலங்குகள் கடக்க பாதைக்கு அடியில் வழிகள் விடப்பட்டிருக்கின்றன. ஆனாலும் உயரமான ரயில் மேடும் நெடுஞ்சாலையும் சேர்ந்து, ஒரே காட்டை இரண்டாக வெட்டும் சுவர்போலத்தான் நிற்கின்றன.

5. நகுரு ஏரி: பூநாரைகள் எங்கே போயின?

நைரோபியிலிருந்து சுமார் 160 கி.மீ. பெரும் பிளவுப் பள்ளத்தாக்கில் இருக்கும் உவர் ஏரி. லட்சக்கணக்கான பூநாரைகள் கரையோரத்தை ரோஸ் கலராக்கி நிற்கும் பழைய புகைப்படங்களால் புகழ்பெற்றது. அதை நம்பி இப்போது போனால் ஏமாற்றமாகிவிடலாம்.

காரணம், ஏரி வற்றிப்போனதல்ல, நிரம்பிப்போனது. 2010-க்குப் பிறகு பிளவுப் பள்ளத்தாக்கு ஏரிகளில் நீர்மட்டம் ஏறிக்கொண்டே போனது. நகுரு பூங்காவின் பழைய பிரதான நுழைவாயிலே தண்ணீருக்குள் போனது. நீர் பெருகினால் உவர்ப்பு குறையும். உவர்ப்பு குறைந்தால் பூநாரைகள் சாப்பிடும் நுண்பாசி குறையும். அதனால் அவை போகோரியா போன்ற வேறு ஏரிகளைத் தேடிப் போய்விட்டன.

ஆனால், நகுருவை லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட வேண்டாம். 188 சதுர கி.மீ. பூங்காவைச் சுற்றி முழுக்க வேலி உண்டு. 1980-களில் காண்டாமிருகங்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. கறுப்பு, வெள்ளை என இரண்டு வகைக் காண்டாமிருகங்களையும் ஒரே நாளில் பார்க்க நல்ல வாய்ப்பு இங்கே இருக்கிறது. தண்ணீருக்குள் நிற்கும் பட்டுப்போன மரங்களும் பார்ப்பவரை நிறுத்தி வைக்கும்.

வேலியால் காண்டாமிருகம் பிழைத்தது, உண்மை. ஆனால், ஏரி ஒரு பக்கம் விரிந்து, வேலி மறுபக்கம் நகராமல் நின்றால், நடுவில் இருக்கும் விலங்குகளுக்கு இடம் சுருங்குகிறது.

6. ஹெல்ஸ் கேட்: சைக்கிளில் ஒரு சஃபாரி

பெயர்தான் ‘நரக வாசல்’. ஆனால், பட்ஜெட் பயணிகளுக்கு இது சொர்க்கம். நைவாஷா ஏரிக்குப் பக்கத்தில், 68 சதுர கி.மீ. அளவே உள்ள சிறிய பூங்கா. ஜீப் தேவையில்லை, வாடகை சைக்கிளில் வரிக்குதிரைகளுக்கும் மான்களுக்கும் நடுவே மிதித்துக்கொண்டே போகலாம். செங்குத்தான பாறைச் சுவர்களில் ஏறலாம். டிஸ்னியின் ‘தி லயன் கிங்’ குழு படத்துக்கு முன் இந்தப் பகுதியை வந்து பார்த்துச் சென்றது.

ஒரே ஒரு எச்சரிக்கை: மழை மேகம் தெரிந்தால் குறுகிய பள்ளத்தாக்குக்குள் இறங்காதீர்கள். 2019 செப்டம்பரில் திடீர் வெள்ளம் வந்து சுற்றுலா வந்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். கைடு ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்.

பூங்காவுக்குள் பெரிய பெரிய குழாய்களும் வெள்ளை நீராவியும் தெரியும். இது ஓல்கரியா புவிவெப்ப மின்நிலையம். 1981-ல் இங்கே மின்சார உற்பத்தி தொடங்கியது. கென்யாவின் மின்சாரத்தில் பெரிய பங்கு புவிவெப்பத்திலிருந்து வருகிறது. நிலக்கரி எரிக்காத சுத்தமான மின்சாரம் என்று பாராட்டுவதா, காட்டுக்குள் குழாய் போட்டுவிட்டார்கள் என்று கோபப்படுவதா? சுலபமான பதில் இல்லை.

7. கென்யா மலை: பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பனி

5,199 மீட்டர் உயரம். ஆப்பிரிக்காவின் இரண்டாவது உயரமான மலை. உச்சிக்குப் போக பாறையேற்றப் பயிற்சி வேண்டும். ஆனால், 4,985 மீட்டரில் இருக்கும் லெனானா முனை வரை, நல்ல உடல்தகுதி இருந்தால் மலையேற்றமாகவே போகலாம். அவசரப்பட்டு ஏறினால் உயர நோய் வரும். உடம்பு பழகுவதற்கு ஒரு நாளாவது கூடுதலாக ஒதுக்குங்கள். 1997 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். இங்குள்ள பனியாறுகள் வேகமாகக் கரைந்துவருகின்றன.

இந்தக் கட்டுரையின் நம்பிக்கையான பக்கமும் இங்கேதான் இருக்கிறது. மலைக்காட்டுக்கும் வடக்கே இருக்கும் லேவா சமவெளிக்கும் இடையே யானைகள் காலங்காலமாகப் போய்வந்த வழியை வயல்களும் நெடுஞ்சாலையும் மறித்துவிட்டன. விவசாயப் பண்ணைகளின் நடுவே ஒரு நடைபாதை ஒதுக்கி, நெடுஞ்சாலைக்கு அடியில் யானைகளுக்கென ஒரு சுரங்கவழி கட்டினார்கள். 2011-ல் அது திறக்கப்பட்டதுமே யானைகள் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. மேலே லாரி, கீழே யானை! 2013-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரிய எல்லையை லேவா வரை நீட்டித்தது.

அப்போ மசாய் மாரா?

ஜூலை முதல் அக்டோபர் வரை, தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்டுகள் மாரா ஆற்றைக் கடந்து வரும் காட்சிக்காக உலகமே இங்கே குவிகிறது. அதற்கேற்ற விலையும் உண்டு. 2024 ஜூலை முதல், வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஜூலை-டிசம்பரில் ஒரு நாளுக்கு 200 டாலர். ஜனவரி-ஜூனில் 100 டாலர் என நரோக் கவுன்ட்டி நிர்ணயித்தது. டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரை மட்டுமே.

காப்பகத்தைச் சுற்றி இருக்கும் கன்சர்வன்சிகளில் வேறொரு ஏற்பாடு ஓடுகிறது. நிலம் மசாய் குடும்பங்களுடையது. சுற்றுலா நிறுவனங்கள் அதைக் குத்தகைக்கு எடுத்து, நில உரிமையாளர்களுக்குத் தொடர்ந்து வாடகை கொடுக்கின்றன. பதிலுக்கு அவர்கள் வேலி போடுவதில்லை. சிங்கம் நடமாடும் நிலம் வருமானமும் தரும் என்றால் யார்தான் வேலி போடுவார்கள்? ஆனால், 2020-ல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது இந்த ஏற்பாட்டின் பலவீனமும் தெரிந்தது. சுற்றுலாப் பயணி வராவிட்டால் வாடகைக்குப் பணம் எங்கிருந்து வரும்?

‘வேலி போட்டுட்டா பிரச்னை தீர்ந்துடுமே?’

பலருக்கும் தோன்றும் கேள்விதான். வறட்சி வரும்போது விலங்கு பிழைப்பதே இடம்மாறிப் போவதால்தான். 2022-ல் கடும் வறட்சி வந்தபோது, பிப்ரவரி முதல் அக்டோபர் வரை மட்டும் 205 யானைகளும் 512 வில்டபீஸ்ட்டுகளும் 381 வரிக்குதிரைகளும் இறந்ததாக கென்ய அரசு சொன்னது. அதிகம் பாதிக்கப்பட்ட இடங்களில் அம்போசெலியும் சாவோவும் இருந்தன. போக இடமில்லாமல் சுற்றி வேலியும் இருந்தால்?

அதே நேரம், வேலிக்கு வெளியே வாழ்பவரின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரே ராத்திரியில் யானைக் கூட்டம் ஒரு வருட மக்காச்சோளத்தை முடித்துவிடும். விலங்கு தாக்கி ஒருவர் இறந்தால் 50 லட்சம் ஷில்லிங் இழப்பீடு என்று 2013 வனவிலங்குச் சட்டம் சொல்கிறது. அந்தப் பணம் கைக்கு வர வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம்.

கென்யா செய்து காட்டியதும் சின்ன விஷயமல்ல. 1970-களின் தொடக்கத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்த யானைகள், 1989-ல் சுமார் 16,000 ஆகச் சரிந்தன. 2021 கணக்கெடுப்பில் 36,280. கள்ள வேட்டையைப் பெருமளவு கட்டுப்படுத்தியாயிற்று. இப்போதைய போட்டி துப்பாக்கியோடு இல்லை, நிலத்தோடு.

கிளம்பும் முன் செக் பண்ண வேண்டியவை

* விசா: 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி. கிளம்பும் முன்பே ஆன்லைனில் அதிகாரபூர்வத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். போலித் தளங்கள் உண்டு, கவனம்.

* மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: பயணத்துக்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் போட்டு, சான்றிதழைக் கையிலேயே வைத்திருங்கள். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தப்படலாம்.

* சீசன்: ஜூன்-அக்டோபர், ஜனவரி-பிப்ரவரி வறண்ட மாதங்கள், விலங்குகள் தண்ணீரைத் தேடி ஒரே இடத்தில் கூடும். மார்ச்-மே பெருமழை, பாதைகள் சேறாகும், ஆனால் ஊரே பச்சையாக இருக்கும், அறை வாடகையும் குறையும்.

* பிளாஸ்டிக்: 2017 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2020 முதல் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் தடை. நல்ல வாட்டர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

* கட்டணம்: தேசியப் பூங்காக்களில் ரொக்கம் வாங்குவதில்லை, ஆன்லைனில் கட்ட வேண்டும். வெளிநாட்டினருக்கு டாலரில்தான் கட்டணம். அவ்வப்போது மாறுவதால் புக் செய்யும் நாளில் சரிபாருங்கள்.

* ரூட்: ஒரு வாரம்தான் லீவு என்றால் நைரோபி, அம்போசெலி, சாவோ மேற்கு என்று தெற்குப் பக்கம் போகலாம். அல்லது ஹெல்ஸ் கேட், நகுரு, மாரா என்று மேற்குப் பக்கம். இரண்டையும் ஒரே வாரத்தில் திணித்தால் பாதி நேரம் ரோட்டில்தான் போகும்.

இன்னும் ஒன்று. டூர் ஆபரேட்டரிடம் பேரம் பேசும்போது விலையோடு சேர்த்து ஒரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள்: ‘நாங்க தங்கப்போற இடம் யாரோட நிலம்? அவங்களுக்கு இதுல என்ன போகுது?’ தெளிவாகப் பதில் சொல்பவரைத் தேர்ந்தெடுங்கள். சிங்கம் உள்ளே இருக்குமா என்பதை பூங்காவின் காவலர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெளியே வந்த சிங்கம் உயிரோடு திரும்புமா என்பதை முடிவு செய்வது, அந்த நிலத்துக்காரர்தான்.